தொண்ணூறு நாமத்துக்கு ஒரு கல்: கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு

பழைய கார் வைத்திருக்கும் தம்பி ஒருவர் சென்ற பதிவின் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்: "ஐயா, 1938 மாடல் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். நெடுஞ்சாலையில் எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் எஞ்சினுக்கு நல்லது?" இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். கடைசியில் சொல்லவும் போகிறேன். ஆனால் கேள்வியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எண்பது வயதைத் தாண்டியவனுக்கு ஒரு எஞ்சின் வேகத்தைக் கேட்டால் ஏன் பயம் வர வேண்டும் என்று நினைப்பீர்கள். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பயணம் நடந்தது எழுபத்திரண்டில். அன்று என்ன கிழமை என்பதில் எனக்கும் என் மனைவி வைதேகிக்கும் இன்னும் சண்டை. கார்த்திகை அமாவாசைக்கு முதல் நாள் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. நான் அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறு தொழிற்சாலையில் பவர் பிரஸ் பிரிவின் ஃபோர்மேன். தகட்டை அடித்து வளைக்கும் அந்த இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே எட்டு வருடம் நின்றதில் காது பாதி போயிருந்தது. பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் கேட்கும். தூரத்துச் சத்தமெல்லாம் எனக்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்த வருடம் ஒரு பழைய ஆங்கிலேயக் கார் என் கைக்கு வந்தது. பத்து குதிரைசக்தி, நான்கு சிலிண்டர், மூன்று கியர். மூன்று வருடமாக ஒரு கொட்டகையில் கோழி அடைந்துகிடந்த வண்டி. ஷிஃப்ட் முடிந்ததும் அதன் அடியில் படுத்து எட்டு மாதம் வேலை செய்தேன். சிலிண்டரைக் கடைந்தேன். பேரிங்குக்கு வெள்ளை உலோகம் ஊற்றி, நானே சீவி உட்கார வைத்தேன். இந்த வெள்ளை உலோகம் மிக மென்மையானது. புது பேரிங் பழகும்வரை எஞ்சினை விரட்டினால் சூடேறி உருகிவிடும். உருகினால் எஞ்சின் இறுகிவிடும், எட்டு மாதமும் போச்சு.

என் கணக்கு இதுதான். மேல் கியரில் அந்த வண்டி ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கு, அதாவது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு, இருபது கிலோமீட்டர் வேகம் கொடுக்கும். முதல் எண்ணூறு கிலோமீட்டருக்கு இரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது. அதாவது மணிக்கு நாற்பது கிலோமீட்டர். ஆர்.பி.எம். காட்டும் கருவியெல்லாம் அந்த வண்டியில் கிடையாது. வேகம் காட்டும் முள்ளும் கேபிள் அறுந்து செத்துக்கிடந்தது. காது நன்றாக இருப்பவன் எஞ்சின் சத்தத்தை வைத்து ஓட்டுவான். எனக்கு அதற்கும் வழியில்லை.

வைதேகிக்கு அப்போது ஏழு மாதம். சீமந்தம் முடிந்து பிறந்தகம் கூட்டிப் போக அவள் தம்பி கிச்சு திருவள்ளூரிலிருந்து வந்திருந்தான். இருபத்தாறு வயது. கோயில் மடைப்பள்ளியில் தளிகை கைங்கரியம், அதாவது பெருமாளுக்குச் சமைக்கிற வேலை. மறுநாள் அமாவாசை, விடியற்காலையில் அவன் முறை. மூன்று நாளாக மழை. ரயில் ஓடவில்லை, பஸ் வருமா என்பதே சந்தேகம். "ரெண்டு நாள் பொறுத்துப் போலாமே" என்றாள் வைதேகி. நான்தான் கேட்கவில்லை. கிச்சுவின் முறையைக் காரணம் காட்டினேன். உண்மைக் காரணம் வேறு: நான் உயிர்கொடுத்த வண்டியில் மாமனார் வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும். அந்தப் பவுசுக்குத்தான் கிளம்பினேன்.

வேகம் பார்க்க முள் இல்லையே என்று நான் தலையைச் சொறிந்தபோது கிச்சுதான் வழி சொன்னான்.

"ரோட்டோரக் கல்லுக்குக் கல்லு நேரம் பார்த்தா போறுமோன்னோ அத்திம்பேரே? நான் எண்றேன்."

"கடிகாரத்தையும் பார்த்துண்டு கல்லையும் பார்ப்பியா?"

"கடிகாரம் எதுக்கு? மடைப்பள்ளியில கடிகாரமா இருக்கு?"

அவர்கள் அங்கே வேலை செய்யும் விதம் அப்படி. கரியும் புகையுமான உள்ளே கடிகாரம் கிடையாது. பொங்கல் குழைய இத்தனை நாமம், புளிக்காய்ச்சல் சுண்ட இத்தனை நாமம் என்று விரல் கணுக்களில் பெருமாள் பெயரை எண்ணியே இறக்குவார்கள். நான் நம்பாமல் என் கைக்கடிகாரத்தை எடுத்து மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் நிமிடத்துக்குச் சரியாக அறுபது நாமம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்குத் தொண்ணூறு விநாடி. "கல்லுக்குக் கல் தொண்ணூறு நாமம் வரணும். குறைஞ்சா வேகம் ஜாஸ்தி, நான் காலை எடுக்கணும். கூடினா மந்தம்" என்று சொல்லிக்கொடுத்தேன்.

மதியம் 1.40-க்குப் புறப்பட்டோம். பெட்ரோல் பத்து லிட்டர், பதினான்கு ரூபாய். வைதேகி படியிறங்கி வந்தபோது நான் பானெட்டில் விழுந்த மழைத்துளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிச்சுதான் அவளைக் கைப்பிடித்துப் பின்சீட்டில் ஏற்றினான்.

ஜி.என்.டி. நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டை தாண்டிப் புதுவாயல் வரை சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். தார் நன்றாக இருந்தது. புதிதாக நட்ட கிலோமீட்டர் கற்கள், மழையில் கழுவி வெள்ளையாக நின்றன. என் பக்கத்தில் உட்கார்ந்து கிச்சு உரக்க எண்ணினான். "தொண்ணூத்திரண்டு. தொண்ணூறு. எண்பத்தெட்டு, கொஞ்சம் காலை எடுங்கோ." எஞ்சின் தைத்து முடித்த சட்டை மாதிரி உடம்போடு பொருந்தி ஓடியது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வண்டி ஓட்டியதில்லை. அது இருபது நிமிடம் நீடித்தது.

புதுவாயலில் மேற்கே திரும்பினோம். ஆரணி வழியாகப் பெரியபாளையம் வரை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். முழங்கால் ஆழப் பள்ளங்கள். எண்ணும் வேலைக்கே இடமில்லை, இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. ஆரணி ஆற்றுத் தரைப்பாலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. தாண்டிவிட்டோம். தாண்டும்போது நான் சிரித்துக்கொண்டே இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போது என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

பெரியபாளையத்தில் 3.20. டீக்கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் காரை ஒரு முறை, பின்சீட்டை ஒரு முறை பார்த்தார்.

"இன்னா சார், புள்ளத்தாச்சிய வெச்சிக்கினு இந்த மழையில எங்க போய்க்கினு கீற?"

"திருவள்ளூர்."

"பேஜாரு ஆயிடும் சார். பூண்டி ஏரியில ஷட்டரத் தூக்கிட்டாங்களாம். இப்பதான் தண்டோரா போட்டுக்கினு போனான். நாலு மணிக்குள்ள கொசஸ்தலை ஆத்துத் தரைப்பாலம் முழுகிடும்."

"அப்போ திரும்பிப் போயிடறோம்."

"எங்க திரும்புவ? ஆரணி ஆத்துல இடுப்பளவு தண்ணின்னு சைக்கிள்காரன் ஒர்த்தன் இப்பதான் திரும்பி வந்தான். நீ தப்பிச்சி வந்ததே பெர்சு."

இங்கே ஆஸ்பத்திரி உண்டா என்று கேட்டேன். கம்பவுண்டர் ஒருவர் இருப்பதாகவும் அவரும் அன்று வரவில்லை என்றும் சொன்னார். முன்னால் ஓர் ஆறு, பின்னால் ஓர் ஆறு. நடுவில் நாங்கள். இரவு இங்கேயே தங்கிவிடலாம், ஒரு வீட்டுக்காரர் இடம் கொடுக்காமலா போவார் என்று யோசித்தபடி காருக்குத் திரும்பினேன். வைதேகியின் முகம் வெளுத்திருந்தது.

"ஏன்னா, கீழ இடுப்புல இழுக்கறது."

"பள்ளத்துல குலுங்கினதுனால இருக்கும்."

"இல்லன்னா. விட்டு விட்டு வர்றது."

ஏழாம் மாதம் விட்டு விட்டு வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் அண்ணிக்கு அப்படித்தான் வந்தது. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை, அண்ணி பிழைத்ததே மறுபிறவி. டீக் கிளாஸைக் கடையில் திருப்பிக் கொடுத்தேனா, காசு கொடுத்தேனா, எதுவும் நினைவில்லை. 3.32-க்கு வண்டியைக் கிளப்பியது மட்டும் நினைவிருக்கிறது. அப்போது கடிகாரத்தைப் பார்த்தேன்.

வெங்கல் வழியாகத் தரைப்பாலம் வரை சுமார் பதினாறு கிலோமீட்டர். நாற்பதில் போனால் இருபத்துநான்கு நிமிடம். 3.56. நாலு மணிக்குள் என்றால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கடைக்காரரின் 'நாலு மணிக்குள்ள' ஏதோ ரயில் அட்டவணையில் அச்சடித்தது மாதிரி அந்தக் கணக்கை நம்பினேன். வேகமாகப் போகலாமா? போனால் பேரிங் உருகி நடுவழியில் நின்றுவிடுவோம், அப்போது ஆற்றையும் தாண்ட முடியாது, ஊருக்கும் திரும்ப முடியாது. எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான்.

"கிச்சா, எண்ணு. தொண்ணூறுல பிடிச்சு நிறுத்து. நான் ரோட்டைத்தான் பார்ப்பேன், கல்லைப் பார்க்க மாட்டேன்."

"சரி அத்திம்பேரே."

இந்தச் சாலை நேராக இருந்தது, தாரும் பரவாயில்லை. மழை தகரக் கூரையில் கொட்டியது. முதல் கல் வந்ததும் கிச்சு சொன்னான்: "நூத்து நாப்பத்தஞ்சு. ரொம்ப மந்தம். அழுத்துங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயத்தில் கால் தளர்ந்துவிட்டதா? அழுத்தினேன். அடுத்த கல். "நூறு. இன்னும் கொஞ்சம்." அடுத்தது. "தொண்ணூறு. சரியா இருக்கு. காலை எடுக்காதேங்கோ."

ஓரத்துப் பனைமரங்கள் ஓடிய ஓட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்டியரிங் கையில் அதிர்ந்தது. பயந்தவன் கண்ணுக்கு எல்லாம் வேகமாகத்தான் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எண்ணிக்கை தொண்ணூறு. எண்ணுகிறவன் ஒரு நாமம்கூடப் பிசகாதவன். அதை நம்பாமல் வேறு எதை நம்புவது? பின்னால் வைதேகி பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவது கண்ணாடியில் தெரிந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கேட்காததே கூடுதல் பயமாக இருந்தது.

வெங்கல் தாண்டி ஏழாவது கல்லோ எட்டாவது கல்லோ, காய்ந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. உள்ளங்காலில் பெடல் வழியாக ஒரு தட்டல். டக், டக், டக். எனக்குக் காதில் கேட்காதது காலில் கேட்டது. அது பேரிங்.

"கிச்சா, எத்தனை?"

"எண்பத்தொன்பது."

"நிஜமாவா? எஞ்சின் தட்டறதுடா."

"எண்பத்தொன்பதுதான் அத்திம்பேரே. போங்கோ."

காலை எடுத்தால் நேரம் போகும். எடுக்காவிட்டால் எஞ்சின் போகும். தொண்ணூறுதானே, இன்னும் தாங்கும் என்று ஓட்டினேன்.

தரைப்பாலத்துக்கு வந்தபோது 3.48. பொதுப்பணித்துறை ஆள் ஒருவர், சாக்கை முக்காடு போட்டுக்கொண்டு, மூங்கிலைக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தார். பாலத்தின் மேல் ஏற்கெனவே அரை அடிக்குச் செம்மண் தண்ணீர். நான் பிரேக்கை அழுத்தினேன். அவர் ஓடி வந்து பானெட்டில் தட்டினார்.

"நிக்காத நைனா! போறதுன்னா இப்பவே வுடு! மேல தண்ணி வர்ற சத்தம் கேக்கல உனுக்கு?"

எனக்குக் கேட்கவில்லை. கிச்சுவின் முகத்தைப் பார்த்தேன், கண்ணாடியில் வைதேகியின் முகத்தைப் பார்த்தேன். இருவருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. எத்தனை நேரமாகக் கேட்கிறதோ, இருவரும் என்னிடம் சொல்லவில்லை.

முதல் கியரில் இறங்கினேன். வேகமாகப் போனால் தண்ணீர் தெறித்து எஞ்சின் அணைந்துவிடும், ஊர்ந்துதான் போக வேண்டும். நீளம் நூறு கஜம் இருக்கலாம். பாதி தாண்டியபோது தட்டல் பெரிதாகி வண்டி முழுவதும் உலுக்கியது. எஞ்சின் இறுகத் தொடங்கிவிட்டது. கிச்சு எண்ணுவதை நிறுத்திவிட்டு வெறும் பெருமாளைக் கூப்பிட்டான். நான் இருக்கிற தெய்வங்களையும் இல்லாத தெய்வங்களையும் கூப்பிட்டேன். முன்சக்கரம் எதிர்க்கரை மேட்டில் ஏறியது, பின்சக்கரமும் ஏறியது. இன்னும் முப்பதடி போய், யாரோ கயிற்றால் பிடித்து இழுத்த மாதிரி வண்டி நின்றது. எஞ்சின் செத்துவிட்டது.

இறங்கித் திரும்பிப் பார்த்தோம். 3.53-க்குத் தண்ணீர் வந்தது. அலையாக வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை, ஆறு மொத்தமாக மேலே எழுந்தது. பாலத்தின் ஓரக்கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அக்கரையில் மூங்கிலோடு நின்றவர் பின்வாங்கி மேட்டில் ஏறுவது தெரிந்தது. நான் சாலையிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

தாண்ட முடியாமல் திரும்பிக்கொண்டிருந்த செங்கல் லாரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது. ஒன்பது கிலோமீட்டர். டிரைவர் காசு வாங்கவில்லை. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்கி வைத்து, வலியை நிறுத்தினார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஏழு வாரம் படுக்கையிலேயே கிடந்து தை மாதத்தில் வைதேகி ஒரு பெண்ணைப் பெற்றாள்.

ஆறு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. வண்டியை இழுக்க ஆள் பார்க்க அக்கரைக்கு நடந்தபோது சாலையோரக் கல் ஒன்றை முதன்முதலாகப் பார்த்தேன். பழைய மைல்கல். ஜி.என்.டி. சாலையில்தான் கிலோமீட்டருக்கு மாற்றியிருந்தார்கள், இங்கே யாரும் மாற்றவில்லை. மைலுக்குத் தொண்ணூறு நாமம் என்றால் மணிக்கு அறுபத்துநான்கு கிலோமீட்டர். இரண்டாயிரத்துக்குப் பதில் மூவாயிரத்து இருநூறு ஆர்.பி.எம். உருகாமல் என்ன செய்யும்? அங்கேயே நின்று கிச்சுவை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அந்தக் கதையை அதன்பிறகு எத்தனை கல்யாணத்தில், எத்தனை வளைகாப்பில் சொல்லியிருப்பேன்! மைலுக்கும் கிலோமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாத தளிகைக்காரன் என்று அவன் முன்னாலேயே சொல்வேன். பந்தியில் எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி சாத்துமது, அதுதான் ரசம், விட்டுவிட்டுப் போவான்.

போன மாதம், அன்று வயிற்றிலிருந்த அதே பெண் தன் காரில் எங்களை அந்தச் சாலையில் கூட்டிப் போனாள். இப்போது அங்கே உயரமான பாலம். கிச்சு பின்சீட்டில் என் பக்கத்தில் இருந்தான், அவனுக்கும் எண்பது. வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"இங்கதானேடா என் எஞ்சினைக் கொன்னே."

அவன் சிரிக்கவில்லை. ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அது மைல்கல்னு எனக்குத் தெரியும் அத்திம்பேரே."

"என்னடா சொல்றே?"

"மடைப்பள்ளிக்கு வாழையிலை வாங்க மாசம் ரெண்டு தரம் வெங்கலுக்கு சைக்கிள் மிதிப்பேனே. அந்த ரோட்டுல எல்லாக் கல்லும் எனக்குத் தெரியும்."

"அப்போ ஏன் சொல்லலை?"

"நாப்பதுல போனா பாலம் கிடைக்காதுன்னு தோணித்து."

"அதைச் சொல்லியிருந்தா நானே அழுத்தியிருப்பேனேடா!"

குரலில் கோபம் துளியும் இல்லாமல் சொன்னான்: "அழுத்தியிருப்பேளா? எட்டு மாசம் அந்த எஞ்சினோடயே இருந்தேள். அன்னிக்கு அக்கா மழையில படியிறங்கறச்சே நீங்க பானெட்டைத் தொடச்சிண்டிருந்தேள். நான் கேட்டு, நீங்க வேண்டாம்னுட்டா? எனக்குக் கேக்கவே பயமா இருந்தது."

என் பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். முன்சீட்டிலிருந்த வைதேகி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவளுக்கு இது புதுச் செய்தி இல்லை என்று அவள் கழுத்தைப் பார்த்தே தெரிந்தது.

சரி, தம்பி கேட்டதற்கு வருகிறேன். நீளமான பிஸ்டன் ஓட்டமுள்ள அந்தக் காலத்து எஞ்சினுக்கு, அதன் உச்ச வேகத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட்டாதீர்கள். என் வண்டி போன்றதற்கு 2,200 முதல் 2,500 ஆர்.பி.எம்., சுமார் ஐம்பது கிலோமீட்டர். புதிதாகக் கடைந்த எஞ்சின் என்றால் முதல் எண்ணூறு கிலோமீட்டருக்கு 2,000-க்குள். வேக முள்ளை நம்பாமல் கிலோமீட்டர் கல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: தொண்ணூறு விநாடி என்றால் நாற்பது, எழுபத்திரண்டு விநாடி என்றால் ஐம்பது. எந்தக் கல் என்று இறங்கிப் பார்த்துவிடுங்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம் வழி திருவள்ளூர் ஐம்பத்தேழு கிலோமீட்டர், பழைய வண்டியில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூண்டி நீர்த்தேக்கத்தின் நிலவரம் விசாரிக்காமல் கிளம்பாதீர்கள்.

இன்னொன்று. கிளம்புவதற்கு முன் வண்டியில் ஏறுகிறவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், தேவைப்பட்டால் இந்த எஞ்சின் எரிந்து போகட்டும் என்று. நான் அதைச் சொல்லவில்லை. கிச்சு அன்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் எனக்குப் பயமாக இருக்கிறது.